மேசைமேல் ஒரு போர்க்கப்பல்

பாய்மரக் கப்பல் மாடல் கட்டுவது பற்றி என்னிடம் யாரும் தெரியாத்தனமாகக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் காபி ஆறிப்போகும், பஸ் போய்விடும், வீட்டிலிருந்து போன்மேல் போன் வரும். நான் இன்னும் கப்பலின் முன்மூக்கான அணியத்துப் பலகையை வளைத்துக்கொண்டிருப்பேன். இப்போது பத்திரிகையே இடம் கொடுத்திருக்கிறது. விடுவேனா?

நான் கட்டிய கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். ட்ரின்கோமலி. ஆமாம், நம் திருகோணமலைதான். அந்தத் துறைமுகத்தின் பெயரைச் சுமந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் இது. ஆனால் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, பம்பாயில். கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி. மரம், மலபார் தேக்கு. 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறங்கிய கப்பல், இன்றைக்கும் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்டில்பூல் என்ற ஊரில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. இன்னும் மிதக்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுதான் மூத்தது. நெல்சனின் விக்டரி இதைவிட வயதானது என்பார்கள். சரிதான், ஆனால் அது எப்போதோ கரையேறி உலர்துறையில் உட்கார்ந்துவிட்டது. நம்ம ஆள் இன்னும் தண்ணீரில் நிற்கிறார்!

நெப்போலியனோடு நடந்த போர்களில் இங்கிலாந்தின் ஓக் மரம் தீர்ந்துகொண்டே வந்தது. பம்பாயிலோ தேக்கு இருந்தது, தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய வாடியா குடும்பம் இருந்தது. 1812-ல் ஆர்டர் போனது. கப்பலின் வரைபடங்களை ஜாவா என்ற இன்னொரு போர்க்கப்பலில் ஏற்றி பம்பாய்க்கு அனுப்பினார்கள். அந்த ஜாவாவை டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் அடித்து நொறுக்கிவிட்டது. கப்பலோடு படங்களும் போயின. மறுபடி நகல் எடுத்து மறுபடி அனுப்பி, கப்பலின் முதுகெலும்பான அடிமரம், அதாவது ஏரா, வைப்பதற்கு 1816 ஆகிவிட்டது. பார்சி வழக்கப்படி அந்த ஏராவில் ஒரு வெள்ளி ஆணியை அடித்தார்கள். அதைப் படித்த பிறகு நான் சும்மா இருப்பேனா? பஜாரில் பத்தரிடம் குண்டூசி கனத்தில் வெள்ளிக் கம்பித் துண்டு ஒன்று வாங்கிவந்து என் ஏராவிலும் இறக்கினேன். செம்புத் தகடு மூடியிருப்பதால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், போதும்.

வரைபடம் கிடைப்பது இன்று எளிது. பிரிட்டிஷ் கடற்படையின் பழைய கப்பல் வரைபடங்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காசு கட்டினால் நகல் தருவார்கள். ட்ரின்கோமலி, லீடா வகையைச் சேர்ந்த கப்பல். அந்த லீடாவின் வடிவம் 1782-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஹீபே என்ற கப்பலைப் பார்த்து வரைந்தது. எதிரியின் கப்பலைப் பிடித்து, அதன் உடல்வாகைக் காப்பியடித்து, அதே எதிரியோடு சண்டைக்குப் போயிருக்கிறார்கள்! படத்தை விரித்தால் மூன்று காட்சிகள்: பக்கத்திலிருந்து, மேலிருந்து, முன்பின்னாக. மூன்றும் ஒன்றோடொன்று பேசும். ஒன்றில் நேர்கோடாக ஓடுவது இன்னொன்றில் வளைந்து நெளிந்து போகும். இந்தப் படத்தை வாசிக்கப் பழகியதே தனி இன்பம். ராத்திரி படுக்கப் போகும்போது நாவலுக்குப் பதில் இதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

படம் கையில் வந்ததும் முதல் கேள்வி, எந்த வருடத்துக் கப்பலைக் கட்டுவது? கப்பலும் ஆளைப்போல வயதுக்கு வயது மாறும். இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ட்ரின்கோமலியை, போர் முடிந்துவிட்டதால், 1845 வரை சும்மா கட்டிவைத்துவிட்டார்கள். பிறகு பீரங்கிகளைக் குறைத்து, பின்புறத்தையே இடித்து வேறு வடிவில் கட்டி, கடலுக்கு அனுப்பினார்கள். ஹார்டில்பூலில் இன்று நிற்பது அந்தப் பிற்காலத் தோற்றம். நான் 1817-ஐ எடுத்துக்கொண்டேன். ஜம்ஷெட்ஜி கடலில் விட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படி. ஆக, என் மேசைமேல் இருப்பது இன்று உலகத்தில் எங்குமே இல்லாத கப்பல். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரத்தான் செய்கிறது.

அளவு 64-ல் 1. நிஜக் கப்பலின் பீரங்கித் தளம் 150 அடி நீளம். என்னுடையது 71 சென்டிமீட்டர் சொச்சம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் மேசை போதாது. இந்த அளவில் ஆறடி ஆள் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. நான் அட்டையில் ஒரு ஆளை வெட்டி எப்போதும் தளத்தில் நிறுத்திவைத்திருப்பேன். எந்தப் படி, எந்தக் கைப்பிடி, எந்தக் கதவு சரியான அளவில் இருக்கிறது என்று அவன்தான் சொல்வான்.

இனி மரம். நிஜக் கப்பல் தேக்கு என்பதால் மாடலையும் தேக்கில் கட்டலாம் என்று நினைத்தால் கெட்டது. தேக்கின் ரேகை பெரிது; இந்தச் சின்ன அளவில் பலகையைவிட ரேகைதான் கண்ணில் படும். ரேகை தெரியாத, மயிரிழைபோல் நெருக்கமான மரம் வேண்டும். வெளிநாட்டில் பேரி மரம், பாக்ஸ்வுட் என்று தேடுவார்கள். நமக்கு என்ன குறை? மஞ்சக்கடம்பு இருக்கிறது. சீப்பு செய்த மரம். உளி வைத்தால் வெண்ணெய். உடல் பலகை முழுவதும் அதுதான். தளத்துக்கு வெட்பாலை. சன்னபட்னா பொம்மை கடைகிற மரம், வெள்ளை வெளேரென்று இருக்கும். கப்பலின் இடுப்பைச் சுற்றி ஓடும் தடித்த பலகை வரிசைக்கு மட்டும் கருங்காலி. ஊரே கருங்காலி மாலை போட்டுக்கொண்டு திரிகிற காலம் இது. சாமில்காரரிடம் கேட்டபோது, "மாலைக்கா அண்ணாச்சி?" என்றார். "கப்பலுக்கு" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு விலையைச் சொன்னார். மாலை விலைதான். ஆனாலும் பெயிண்ட் அடிக்காமல், மரத்தின் சொந்தக் கறுப்பே அந்த வரிசையில் பளபளக்கும்போது கொடுத்த காசு மறந்துபோகும். ஒன்றே ஒன்று, கருங்காலித் தூள் மூக்குக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் இழைக்க வேண்டாம்.

நடுவில் ஏரா, அதன் குறுக்கே விலா எலும்புபோல் பிளைவுட் வங்குகள். வங்குகளை நிறுத்தியதும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஓரங்களைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். எந்த இடத்தில் ஒரு மெல்லிய குச்சியை வளைத்து வைத்தாலும், எல்லா வங்குகளையும் இடைவெளியில்லாமல் தொட்டுக்கொண்டு போகிறவரை. இது சலிப்பான வேலை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள், மேடு எங்கே பள்ளம் எங்கே என்று விரல் சொல்லும், கண் சொல்லாது.

பலகை ஒட்டுவதில்தான் கப்பல் கப்பலாகிறது. ஒரு விஷயம் முதலில் எல்லோரையும் திகைக்க வைக்கும். கப்பலின் நடுவயிற்றில் மேலிருந்து கீழே சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஆனால் பலகைகளின் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஒன்று. அப்படியானால் ஒவ்வொரு பலகையும் நுனிக்குப் போகப் போக ஒடுங்கியே தீர வேண்டும். நடுவில் ஐந்து மில்லிமீட்டர் அகலம் இருந்தால் நுனியில் மூன்று. ஒவ்வொரு வங்கிலும் கவராயத்தால் அளந்து, பங்கு போட்டு, புள்ளி வைத்து, ஒவ்வொரு பலகையையும் அதனதன் வளைவுக்குச் சீவ வேண்டும். சீவிய பலகையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, இஸ்திரிப் பெட்டியை லேசாக ஓட்டினால், அடம்பிடிக்கும் மரம் சொன்னபடி கேட்கும். அந்த நிமிடம் இருக்கிறதே! விறைத்துக்கிடந்த குச்சி கையில் மெல்ல மடங்கி, அணியத்தின் கன்னத்தில் போய்ப் படிந்து உட்காரும். ஃபெவிகால் தடவிப் பிடித்துக்கொண்டு நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன்.

தூத்துக்குடியில் இருப்பதால் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். தோணி கட்டிய பழைய ஓடாவி ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒருநாள் பார்க்க வந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கப்பலின் மூக்குக்கு நேராகக் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"தம்பி, ஏராவ ஒட்டுன மொதப் பலகை அணியத்துல மேல ஏறக் கூடாது. அது ஏறிச்சின்னா மேல உள்ளதுக்கு எடம் இருக்காது."

"அப்ப எங்க நிறுத்தணும் அண்ணாச்சி?"

ஒன்றும் சொல்லாமல் நகத்தால் ஒரு கோடு கிழித்தார். அவர் போன பிறகு வரைபடத்தை வைத்து அளந்தேன். கோடு சரியாக இருந்தது. அவர் அந்தப் படத்தைப் பார்த்ததுகூட இல்லை.

செம்புத் தகட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மரத்தைத் துளைக்கும் புழுவும் பாசியும் அண்டாமல் இருக்கத் தண்ணீருக்குக் கீழே செம்பு அடித்தார்கள். நிஜத்தில் ஒரு தகடு 4 அடிக்கு 14 அங்குலம். என் அளவில் 19 மில்லிமீட்டருக்கு ஐந்தரை. வெட்டினேன், ஒட்டினேன், வெட்டினேன், ஒட்டினேன். ரேடியோ கேட்டுக்கொண்டே செய்யலாம். முடிந்தபின் கை படாமல் விட்டால் தானாகக் கறுத்து அழகாகும்.

பீரங்கிகள் வேறு கதை. பிரதானத் தளத்தில் மட்டும் 28. ஒவ்வொன்றும் 18 ராத்தல் குண்டு எறிவது, நிஜத்தில் சுமார் இரண்டு டன் எடை. சுட்ட வேகத்தில் அந்த இரண்டு டன்னும் பின்னால் பாய்ந்து வரும். அதைப் பிடித்து நிறுத்த, பீரங்கியின் பிட்டத்தைச் சுற்றித் தடித்த கயிறு, மறுபடி முன்னுக்கு இழுக்க இரு பக்கமும் கப்பி போட்ட கயிறு. இதையெல்லாம் மூன்று மில்லிமீட்டர் கப்பிகளை வைத்துக் கட்டினேன். கட்டிய பிறகு பாதி பீரங்கிகள் மேல்தளத்துக்கு அடியில் மறைந்துபோயின. டார்ச் அடித்தாலும் தெரியாது. அதற்காகக் கட்டாமல் விடுவதா? மாடல் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. யாருக்கும் தெரியாத இடத்தில்தான் ஆசை ஆசையாகச் செய்வோம்.

இப்போது கயிறு! இவ்வளவு நேரம் பொறுமையாக எழுதியதே இதற்காகத்தான்.

மரவேலை முடிந்தால் கப்பல் முடிந்தது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பாதிகூட முடிந்திருக்காது. கடையில் வாங்கிய நூலை அப்படியே கட்டினால் அது நூலாகத்தான் தெரியும். கயிறு வேண்டும் என்றால் திரிக்க வேண்டும். பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய பற்சக்கரங்களில் மூன்று கொக்கி. மறுமுனையில் சுழலும் ஒற்றைக் கொக்கி. நடுவில் மூன்று காடி வெட்டிய மரக்கூம்பு. தையல்கடை பாலியெஸ்டர் நூலை மூன்று புரியாகக் கட்டி ஒரு பக்கமாக முறுக்கினால், கூம்பு நகர நகர, மூன்றும் எதிர்ப்பக்கமாகத் தாமே பின்னிக்கொள்ளும். அந்த இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் கயிறு பிரிவதில்லை. நிஜக் கயிற்றின் சூத்திரமும் இதேதான். சாதாரணக் கயிறு வலப்புரி. அப்படிப்பட்ட மூன்று கயிறுகளைச் சேர்த்துத் திரித்த நங்கூரக் கயிறு இடப்புரி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் என் கப்பலில் அதுவும் தெரியும்.

எந்தக் கயிறு எவ்வளவு தடி? 1794-ல் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட புத்தகத்தில் ஒவ்வொரு கயிற்றுக்கும் அட்டவணை இருக்கிறது. ஜேம்ஸ் லீஸ் 1979-ல் எழுதிய புத்தகம் இன்றைக்கும் எங்களுக்குக் கைவிளக்கு. ஒரு சூட்சுமம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கயிற்றின் அளவு என்றால் விட்டம் இல்லை, சுற்றளவு. ஆறு அங்குலக் கயிறு என்று போட்டிருந்தால் மூன்று புள்ளி ஒன்று நான்கால் வகுத்து, பிறகு 64-ஆல் வகுக்க வேண்டும். முக்கால் மில்லிமீட்டர் வரும். இது தெரியாமல் கட்டிய மாடல்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பாய்மரத்தைப் பாம்பு சுற்றியதுபோல் இருக்கும்.

பாய்மரத்தை இருபுறமும் தாங்கும் கயிறுகளுக்குக் குறுக்கே மாலுமிகள் ஏறிப்போகப் படிக்கயிறு உண்டு. நிஜத்தில் படிக்குப் படி 13 அங்குலம், என்னிடம் ஐந்து மில்லிமீட்டர். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. ஆயிரக்கணக்கில். "பைத்தியம் பிடிக்காதா?" என்று கேட்பார்கள். பிடிக்காது. முதல் நாள் விரல் தடுமாறும். அப்புறம் மல்லிகை தொடுக்கிற கைபோல அது பாட்டுக்கு ஓடும். நீங்கள் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருக்கலாம், எதையும் யோசிக்காமலும் இருக்கலாம்.

அதைவிடப் பெரிய ஆனந்தம், ஓடும் கயிறுகள். பாயைத் தாங்கும் குறுக்கு மரமான பருமலை மேலே ஏற்ற ஒன்று, திருப்ப இரண்டு, பாயின் மூலையைக் கீழே இழுக்க ஒன்று, சுருட்ட ஒன்று. உச்சியில் கட்டி, கப்பிகள் வழியாக இறங்கி, தளத்தில் அதற்கென்று இருக்கிற முளையில் வந்து முடியும். முதலில் பார்த்தால் சிக்கல். கட்டக் கட்டத்தான் புரியும், அங்கே வேலையில்லாமல் ஒரு கயிறும் தொங்குவதில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் எதை இழுப்பார்கள், எதைத் தளர்த்துவார்கள் என்று இடுக்கியைப் பிடித்துக்கொண்டே மனசுக்குள் கப்பலை ஓட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த மாலுமிகள் நடுராத்திரி கும்மிருட்டில், மழையில், கையால் தடவியே சரியான முளையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். புத்தகம் ஆயிரம் படித்தாலும் இந்த அறிவு வராது. கயிற்றைக் கட்டினால்தான் வரும்.

பாய் வைப்பதா வேண்டாமா என்பது எங்களுக்குள் ஓயாத சண்டை. என் கட்சி, வேண்டாம். எவ்வளவு மெல்லிய துணியானாலும் இந்த அளவில் தார்ப்பாய்தான். போதாக்குறைக்கு இவ்வளவு அருமையான கயிறுகளையும் மூடி மறைத்துவிடும்.

வீட்டுக்கு வருகிறவர்களின் கேள்விகள் எப்போதும் இரண்டு. "எவ்வளவுக்கு விக்கும்?" என்பது ஒன்று. மற்றது என் சித்தப்பா கேட்டது.

"இது தண்ணியில மிதக்குமாடா?"

"கவுந்துரும் சித்தப்பா. அடியில பாரம் கெடையாது."

"மிதக்காத கப்பல எதுக்குடா கட்டுத?"

பதிலுக்கு அவர் கையில் லென்ஸைக் கொடுத்தேன். சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை.

பொறுமைதான் மூலதனம், வசதி இல்லை. நெப்போலியன் காலத்துப் போர்க்கைதிகள் இங்கிலாந்தில் நார்மன் கிராஸ் முகாமில், சாப்பிட்டு மிஞ்சிய ஆட்டெலும்பைச் சீவிச் சீவிக் கப்பல் மாடல் செய்து விற்றிருக்கிறார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அவர்கள் கைவேலையை இன்றும் பார்க்கலாம். எலும்பில் செய்தவர்களைப் பார்த்த பிறகு, மஞ்சக்கடம்பை வைத்துக்கொண்டு நாம் அலுத்துக்கொள்ள முடியுமா?

ஒருமுறை ஹார்டில்பூலுக்கும் போனேன். 1897-ல் உடைக்க விற்ற கப்பலை வீட்லி காப் என்பவர் வாங்கிக் காப்பாற்றினார். ஃபூட்ராயன் என்று பெயர் மாறி, பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கப்பலாக இருந்தது. 1990-ல் தொடங்கிய சீரமைப்பு 2001 வரை நீண்டது. அதன் நடுவில் பழைய பெயரும் திரும்பியது. தளத்தில் கால் வைத்ததும் எனக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை. படி எங்கே, பாய்மரம் எங்கே, பீரங்கிக்கும் பீரங்கிக்கும் எத்தனை எட்டு, எல்லாம் என் விரல்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 64 மடங்கு பெரிதாகிவிட்ட என் சொந்த மேசைக்குள் நடந்துகொண்டிருந்தேன்! பின்புறத்துக்குப் போனபோது மட்டும் அது என் கப்பலாக இல்லை. பிற்காலத்து வளைவு. என்னுடையதுதான் அழகு என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, தேக்குப் பலகையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

படித்துவிட்டுக் கை பரபரத்தால், முதலிலேயே போர்க்கப்பலில் இறங்க வேண்டாம். ஒற்றைப் பாய்மரம் உள்ள சின்னப் படகாக எடுங்கள். நம் கரையில் நிற்கிற வள்ளமாகவே இருக்கட்டும், அளவெடுக்கப் பக்கத்திலேயே இருக்கும். ஏரா, வங்கு, பலகை, கயிறு என்று எல்லாப் பாடமும் அதிலேயே இருக்கிறது. மரத்துக்கும் நூலுக்கும் பெரிய செலவு ஆகாது. நல்ல இடுக்கி வாங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.